பழுப்பு நிறக் கட்டு

வட்டவடையில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தபோது மண்வெட்டி என் இடது கால் பெருவிரலில் பட்டுவிட்டது. சர்க்கரை உடம்பு. புண் ஆறவே இல்லை. மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரியில், விரலை எடுத்தால்தான் கால் தப்பும் என்றார்கள். பெருவிரல் இல்லாமல் எங்கள் சரிவுக் காட்டில் எப்படி ஊன்றி நிற்பது? அதையும் நான் கேட்கவில்லை. நாலு பேர் முன்னால் எனக்கு வாய் வராது.

அங்கே தமிழ் பேசும் டாக்டரம்மா ஒருவர், வெட்டுவதற்கு முன்னால் புதுக் கட்டு ஒன்றைப் போட்டுப் பார்ப்போம் என்றார். இன்னும் சோதனையில்தான் இருக்கிறதாம். பஞ்சுமிட்டாய் மாதிரி நூல் இழுத்துச் செய்த மெல்லிய ஏடு. அந்த நூலில் இரும்பு சேர்த்துக் கட்டிய கூண்டுகள் இருக்குமாம், கண்ணுக்குத் தெரியாது. கூண்டுக்குள் இருக்கிற மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிருமியைக் கொல்லுமாம். எனக்குப் புரிந்தது பஞ்சுமிட்டாய் மட்டும்தான். தலையை ஆட்டினேன். புண்மேல் ஏட்டை வைத்து, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் ஒட்டி அனுப்பினார்கள்.

சில நாள் கழித்து மருமகள் போனில் மலையாளத்து நர்ஸ் கூப்பிட்டாள்.

"அம்மச்சி, பழுப்பு உண்டோ?"

காலைப் பார்த்தேன். ஏடு நல்ல பழுப்பு நிறம்.

"உண்டு சிஸ்டர்."

"ஒத்திரி உண்டோ?" நிறைய இருக்கிறதா என்கிறாள்.

"முழுக்க பழுப்புதான். போட்ட அன்னிலேருந்தே."

உடனே ஜீப் பிடித்து வரச் சொன்னாள். மருமகள் வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

வெட்டுவதற்குத் தயாராகத்தான் இருந்தார்கள். டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். சீழ் இல்லை, வாடை இல்லை. சிவப்பாகச் சதை ஏறியிருந்தது. யார் சீழ் இருக்கிறதென்று சொன்னது என்று கேட்டார். நர்ஸ் என்னைக் கைகாட்டினாள். நான் சீழ் என்றே சொல்லவில்லையே! பேச வராமல், பிரித்துப் போட்ட ஏட்டைத் தொட்டு, "இது பழுப்பு" என்றேன்.

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மலையாளத்தில் சீழுக்குத்தான் பழுப்பு என்று பேராம். கட்டின் நிறம் இரும்பால் வந்ததாம்.

"அம்மச்சி என்னெ பேடிப்பிச்சு களஞ்ஞு" என்று நர்ஸ் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பயமுறுத்திவிட்டேனாம். என் மருமகள் அவளைவிட அதிகமாகச் சிரித்தாள்.

டாக்டரம்மா புது ஏடு வைத்து ஒட்டினார். "முழுசா ஆற நாளாகும். ஆனா விரல் உங்களுக்குத்தான்மா" என்றார்.

சரிவில் ஊன்றலாமா என்று கேட்டேன். அந்த ஆஸ்பத்திரியில் நானாக வாய் திறந்து கேட்ட முதல் கேள்வி அது.

"ஆறினதும் ஊன்றலாம். செருப்பு போட்டுக்கிட்டு" என்றார்.