நீல டிரம்மின் வாடை

அழுகின முட்டையின் வாடை. எங்கே அடித்தாலும் எனக்கு இப்போது அந்த மதில்தான் நினைவுக்கு வருகிறது. மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு அக்காவின் முகம், முக்காடு நழுவி, மூக்கைப் பொத்தாமல்.

ஆம்பூரில் யாரும் மூக்கைப் பொத்துவதில்லை. காற்று திரும்பினால் சுண்ணாம்பு, திரும்பாவிட்டால் பச்சைத்தோல். பிறந்ததிலிருந்து இழுத்து விடுகிறோம். இந்த வாடை வேறு. அக்காவின் வீட்டுக்காரர் தோல் பதனிடும் ஒரு டேனரியின் கழிவுத்தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினார். உள்ளே அடைந்து கிடந்த, அதே முட்டை வாடையடிக்கும் விஷவாயு அவரை ஏற விடவில்லை. குளிப்பாட்டி, அத்தர் பூசி எடுத்துப்போன பிறகும் வீட்டில் அந்த வாடை நின்றதாக அக்கா ஒருமுறை சொன்னார்.

போன கோடையில் ஒரு சாயங்காலம் அக்கா மதிலருகே வந்தார்.

"தம்பி, உங்களுக்கு வாடை எதுனா வருதா?"

"காத்து திரும்பியிருக்கும்கா."

"காத்து இல்ல. நாலஞ்சு நாளா அவரு வந்து போறா மாதிரி இருக்குது."

முதலில் பயந்தாராம். அப்புறம் கட்டிலை மதிலோரம் இழுத்துப் போட்டுக்கொண்டாராம். "வந்தவரைப் போன்னு சொல்ல முடியுமா?"

நான் திரும்பிப் பார்த்தேன். மதிலுக்கு இந்தப் பக்கம், அந்தக் கட்டிலுக்கு நேராக, என் நீல டிரம் நின்றது.

டேனரிக்கு ரசாயனம் வந்த பழைய டிரம். ஊரில் பாதி வீட்டில் ஒன்று இருக்கும். சர்ச்சில் அன்பின் விருந்துக்குப் பிரியாணி கரும்புச்சக்கை டப்பாவில் வந்திருந்தது. மூடியில் 'மண்ணில் மக்கும்' என்று அச்சு. குப்பை வண்டிக்குப் போவானேன், செடிக்கு உரமாகட்டுமே என்று ஒரு சாக்கு நிறைய வாரி வந்தேன். எலும்பும் தயிர்ப்பச்சடியும் ஒட்டியிருந்தபடியே திணித்து, தண்ணீர் ஊற்றி, நாறக்கூடாதென்று மூடியை இறுக்கினேன். அதுதான் இடுக்கு வழியே கசிந்துகொண்டிருந்தது.

திறந்தேன். கண் எரிந்தது. டப்பாக்கள் மக்கவேயில்லை. கறுத்த தண்ணீரில் ஒன்றோடொன்று ஒட்டி, எழுத்துகூட அழியாமல், காற்றில்லாமல் மூச்சடைத்துக் கிடந்தன. மூச்சடைத்து. எழுதும்போதே கை நின்றுவிடுகிறது.

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன்.

"அக்கா, அது எங்க டிரம்மு. பிரியாணி டப்பா."

மதிலைப் பிடித்துக்கொண்டு டிரம்மையே பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன்.

"அப்ப அவரு வரலியா?"

டிரம்மின் மூடியைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மறுநாள் டிரம்மில் துளை போட்டுக் கறுப்புத் தண்ணீரை வடித்தேன். எலும்பைப் பொறுக்கி எறிந்தேன். வேப்பஞ்சருகும் சாணமும் சேர்த்து வைத்தேன். முழு டப்பா மக்காது, கிழித்துப் போட வேண்டும். அக்கா கூப்பிடாமலே வந்து உட்கார்ந்து கிழித்தார்.

"பிரியாணி துன்னது சர்ச்சு, டப்பா கிழிக்கிறது நானா? நல்லா இருக்குது தம்பி உங்க நியாயம்."

"அடுத்த வாட்டி உங்களுக்கும் ஒரு பார்சல்கா."

"குடுங்க. டப்பா இல்லாம குடுங்க."

சிரித்தோம். ஆனால் ஒவ்வொரு துண்டையும் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே போட்டார். நான் பார்க்காதவன் போலச் சருகைக் கூட்டினேன்.

கிளறக் கிளற வாடை இளைத்தது. சருகின் மணம் மெல்ல மேலேறியது. உரம் நன்றாக வருகிறது என்று யாரிடமும் பெருமையாகச் சொல்ல வாய் வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவரை இரண்டாம் முறை எடுத்துப்போய்க்கொண்டிருந்தேன், என் கையால், கொஞ்சம் கொஞ்சமாக.

"கிளறாம அப்படியே விட்டுடட்டுமாக்கா?" என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. அடைச்சு வச்சா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியும்."

அந்த வாரமே பையோடு வாசலில் நின்றார். வாணியம்பாடிக்கு, மகள் வீட்டுக்கு. அந்த வாடை முழுசாகப் போகும்போது தன்னால் இங்கே இருக்க முடியாது என்றார். பையை ஆட்டோவில் ஏற்றினேன்.

"வாடை சுத்தமா போனதும் போன் பண்ணுங்க தம்பி. வந்துர்றேன்."

"போகலைன்னா?"

ஆட்டோ நகர்ந்தது. தலையை வெளியே நீட்டினார்.

"அப்பவும் பண்ணுங்க."