ஐந்தரைக் கட்டைக் கப்பல்காரர்

எங்கள் ஊரில் நாடக வேடத்தை அரிதாரத்தோடு கழுவிவிட முடியாது. ராமேசுவரம் தீவில், பாம்பனுக்குக் கிழக்கே கடலை ஒட்டி நாலு தெருவும் ஒரு மாதா கோயிலுமாக இருக்கும் மீனவர் ஊர் அது. கோயில் திருவிழாவில் ஊர்க்காரர்களே பாடி நடிக்கிற நாடகம் ஒன்று உண்டு. அதில் மந்திரியாக நடித்தவரின் வீடு மூன்று தலைமுறையாக மந்திரி வீடு. சேவகன் வேடம் போட்டவரின் பேரன் படித்துப் பொறியாளராகித் துபாய்க்குப் போய்விட்டான். இன்றைக்கும் அவன் சேவகன் வீட்டுப் பையன்தான். பேயாக நடித்தவரின் குடும்பத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. அவர்கள் எனக்குத் தூரத்துச் சொந்தம்.

இந்த வரிசையில் உச்சத்தில் இருந்த பெயர் கப்பல்காரர். நாடகத்தின் நாயகன் ஒரு கப்பல்காரன். செல்வம் சேர்ந்ததும் மாதாவுக்கு நேர்ந்துகொண்டதை மறந்துவிடுவான். புயலில் கப்பல் உடையும். ஒற்றைப் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு அவன் மாதாவைக் கூப்பிட்டுப் பாடும் புலம்பல் விடிகிற நேரத்தில் வரும். அதற்கு முந்தைய காட்சிகளில் பாதிக்கு ஊர் தூங்கும். புலம்பலுக்குக் குழந்தைகளைக்கூட எழுப்பி உட்காரவைப்பார்கள். அதைக் கடைசியாகப் பாடியவர்தான் எங்கள் கப்பல்காரர். வாழ்நாளில் வல்லம் என்கிற சிறு படகுக்கு மேல் பெரிய எதையும் அவர் ஓட்டியதில்லை.

அவர் பாடியது எழுபத்தாறிலோ எழுபத்தேழிலோ. நான் கல்லூரியில் முதல் வருடம். தாய்மாமன் தலைமன்னாரிலிருந்து கப்பலில் வந்தபோது ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்தார். அதை மேடையோரம் வைத்து நாடகத்தைப் பதிவு செய்தேன். கையில் இருந்தது ஒரே ஒரு கேசட். ஒரு பக்கம் தொடக்கப் பாட்டு, மறுபக்கம் புலம்பல்.

அதன்பின் நாடகம் நின்றுபோனது. கடலுக்கு அந்தப் பக்கம் சண்டை, இந்தப் பக்கம் அதன் மிச்சம். ஒரு தலைமுறை நாடகம் பார்க்காமலே வளர்ந்தது. ஆனால் கேசட் இருந்தது. கல்யாண வீடுகளிலும் டீக்கடையிலும் அதைப் போட்டுக் கேட்டார்கள். தேய்ந்துவிடாமல் இருக்க நான் இரண்டு முறை பிரதி எடுத்தேன். அந்தக் கேசட்டால் எனக்கு ஊரில் ஒரு மரியாதை கிடைத்தது. ராமநாதபுரத்தில் ஒரு பள்ளியில் வரலாறு நடத்துகிறவன் நான். வகுப்பில் எந்தக் கல்வெட்டையும் சந்தேகப்படச் சொல்லிக்கொடுப்பேன். மாலையில் பஸ் பிடித்து ஊர் திரும்பியதும் கேசட்டு சார் ஆகிவிடுவேன். என் ஆவணத்தை மட்டும் யாரும் சந்தேகப்படக் கூடாது.

கப்பல்காரர் ஐந்தரைக் கட்டையில் பாடினார் என்பதுதான் அந்தக் கேசட் நிறுவிய உண்மை. கட்டை என்றால் சுருதியின் உயரம். எண் கூடக் கூடக் குரல் மேலே போக வேண்டும். நாலு கட்டையில் பாடும் ஆணுக்கே எங்கள் பக்கம் மரியாதை உண்டு. ஐந்தரை என்பது கடவுளுக்கும் ஆர்மோனியக்காரருக்கும் மட்டும் தெரிந்த இடம்.

இரண்டாயிரத்து மூன்று வாக்கில் கடல் கொஞ்சம் அமைதிப்பட்டதும், நாடகத்தைத் திரும்பப் போடலாம் என்று திருவிழாக் கமிட்டி முடிவு செய்தது. அன்றிலிருந்து டீக்கடையில் வேறு பேச்சில்லை. கப்பல்காரனாக யார் நடிப்பது? இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர் ஐஸ் கம்பெனியில் கணக்கர், கோயில் பாடகர் குழுவில் மூத்தவர். மெல்லிய குரல், ஐந்தரைக்கு ஏணி போடாமலே ஏறுவார். ஆனால் கப்பல் மூழ்குவதை ரயில் தாமதமாக வருகிறது என்று அறிவிப்பதுபோலப் பாடுவார். மற்றவர் கப்பல்காரரின் மருமகன்.

மருமகனுக்கு ஊர் தீவுக்கு வெளியே, மூக்கையூர். கல்யாணமாகி வந்து மாமனார் வீட்டிலேயே தங்கிவிட்டார். படகு எஞ்சின் பழுது பார்ப்பவர். தீவில் அவர் கை படாத எஞ்சின் குறைவு. ஆனாலும் ஊர் முழுவதற்கும் அவர் மாப்பிள்ளைதான். முறைக்குச் சித்தப்பா ஆகிறவர்களும் மாப்பிள்ளை என்பார்கள். பள்ளிப் பிள்ளைகள் மாப்பிள்ளை மாமா என்பார்கள். ஊர்க்கூட்டத்தில் எழுந்து பேசினால், மாப்பிள்ளை உக்காருங்க, சாப்பிட்டீகளா என்று அன்பாக வாயை அடைத்துவிடுவார்கள். கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல் அவருக்கு. கேட்டால் செய்கிற வேலை கையிலேயே நின்றுவிடும். ஆனால் ஐந்தரைக்கு அது வராது.

டீக்கடைக்காரர் ஐஸ் கம்பெனிக் கட்சி. மாப்பிள்ளைக் கட்சிக்காரர்கள், பாட்டில் உணர்ச்சி இருந்தால் போதும், உயரம் எதற்கு என்று வாதாடினார்கள். டீக்கடைக்காரர் பதில் சொல்லமாட்டார், கேசட்டைப் போடுவார். விவாதம் முடிந்துவிடும். சில நாள் அவர் என்னைப் பார்த்து, சார்தான் சாட்சி என்பார். நான் வரலாற்றாசிரியருக்கு உரிய அடக்கத்தோடு தலையாட்டுவேன்.

மாப்பிள்ளை எஞ்சின் கொட்டகையில் மணிக்கணக்காகக் கத்திப் பழகினார். ஒருநாள் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தொண்டையில் துண்டைச் சுற்றியிருந்தார்.

"பதினாலு வருசமாச்சுண்ணே வந்து," என்றார். "பிள்ளைக இங்கனதான் பெறந்துச்சுக. நாளைக்கு நான் செத்தாலும் கல்லறையில மாப்பிள்ளைன்னுதான் எழுதுவாக. இத ஒருக்கா பாடிட்டேன்னா எனக்குன்னு ஒரு பேரு இருக்கும்."

முயற்சி செய்யுங்கள், கேசட்டை நன்றாகக் கேளுங்கள் என்று ஆலோசனை சொன்னேன். எனக்கு அந்த வயதில் ஆலோசனை சொல்லும் வியாதி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு இருவரையும் பாடவைத்து முடிவெடுப்பது என்று ஏற்பாடு. ஆர்மோனியத்துக்குக் கமுதியிலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். கரிசல் காட்டு ஊர்களில் முப்பது வருடமாக நாடகங்களுக்கு வாசித்தவர். யார் பாடினாலும் முகம் மாறாது. வெள்ளிக்கிழமை பகலில் என் வீட்டுக்கு வந்து, சுருதி பார்க்கக் கேசட்டைக் கேட்டார். தொடக்கப் பாட்டைக் கேட்டார். திருப்பிப் போட்டுப் புலம்பலைக் கேட்டார். பிறகு முதல் பக்கத்தை மறுபடி கேட்டார். நான் பெருமையோடு காபி கொடுத்தேன்.

"பாடுறவரு மேல ஏறுறாரு, சரி," என்றார். "பெட்டி எப்படிங்கய்யா ஏறும்?"

அவர் பெட்டி என்றது ஆர்மோனியத்தை. பாட்டோடு கேட்கும் ஆர்மோனியம் முதல் பக்கத்தில் நாலில் நிற்கிறது, புலம்பலில் ஐந்தரையில் நிற்கிறது. நடுவில் எந்தக் கட்டைக்கும் பொருந்தாத இடங்களிலெல்லாம் ஊர்ந்து போகிறது என்றார். புலம்பலின் முடிவில் விடியற்காலைக் கோயில் மணி கேட்கும். அதையும் காட்டினார். சைக்கிள் மணிபோலக் கிணுகிணுத்தது. அவர் வந்து ஒருநாள்தான் ஆகியிருந்தது. எங்கள் மணியை மூன்றே முறைதான் கேட்டிருந்தார். இருபத்தைந்து வருடமாக அந்த மணியோடும் அந்தக் கேசட்டோடும் வாழ்ந்த எங்களில் ஒருவருக்கும் அது காதில் விழவில்லை.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. நாடகத்தன்று புதிய பாட்டரி வாங்க மாமன் கொடுத்த காசை நான் பாம்பனில் பரோட்டாவாகச் சாப்பிட்டிருந்தேன். எங்கள் அய்யா கடலுக்குக் கொண்டுபோகும் டார்ச்சிலிருந்து பழைய பாட்டரிக் கட்டைகளை உருவி ரெக்கார்டரில் போட்டேன். அது போதாதென்று, காட்சிக்குக் காட்சி நண்பர்களுக்குத் தொடக்கப் பாட்டைத் திருப்பிப் போட்டுக் காட்டினேன். விடியும்போது பாட்டரி சாகக் கிடந்திருக்கும். டேப் மெதுவாக ஓடியிருக்கும். மெதுவாக ஓடிப் பதிவானதைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாக் குரலும் மேலே போகும். கப்பல்காரரை ஐந்தரைக்கு ஏற்றியது நான் தின்ற பரோட்டா.

"நமக்கென்ன, நாலுன்னா நாலுல வாசிப்பேன், அஞ்சரைன்னா அஞ்சரையில வாசிப்பேன்," என்று ஆர்மோனியக்காரர் எழுந்தார். "தொண்டைதான் அடுத்தவன் தொண்டை."

அன்று மாலை நான் யாரிடமும் சொல்லவில்லை. கேசட்டு சார் என்ற பட்டம் போய்விடும் என்று பயம். அப்படி நினைக்காமல், ஒரு பெரிய மனிதரின் புகழைக் குலைக்கலாமா என்று உயர்வாக நினைத்துக்கொண்டேன். நிறையப் படித்தவனுக்குக் கோழைத்தனத்துக்கும் நல்ல வாசகம் கிடைத்துவிடும்.

சனிக்கிழமை காலையில் எஞ்சின் கொட்டகைப் பக்கம் போனேன். மாப்பிள்ளைக்குக் குரலே இல்லை. காற்றுதான் வந்தது. நாளைக்கு வரவில்லை என்று கமிட்டிக்குச் சொல்லிவிடும்படி என்னிடம் சைகையும் காற்றுமாகக் கேட்டுக்கொண்டார். பேசாதீர்கள், வெந்நீர் குடியுங்கள், நாளை வரை பொறுங்கள் என்று சொல்லிவிட்டு நேரே அவர் வீட்டுக்கு, மாமனாரைப் பார்க்கப் போனேன்.

கப்பல்காரர் வாசலில் நைலான் வலைக்கு ஈயக் குண்டு கோத்துக்கொண்டிருந்தார். எழுபதைத் தாண்டிய வயது. புலம்பலை எத்தனை கட்டையில் பாடினீர்கள் என்று கேட்டேன். நிமிராமல் நாலு என்றார்.

"விடியக்கருக்கல்ல, ராவெல்லாம் கத்துன தொண்டையில அதுக்கு மேல எவனுக்கு வரும்?"

"பெறகு ஏங்கய்யா இத்தன வருசம் சொல்லல?"

"யாரு கேட்டீக?" ஒரு குண்டைக் கோத்து முடித்தார். "எனக்கும் நாலுன்னுதான் நெனப்பு. ஆனா கேசட்ல கேட்டா அஞ்சரை. நம்ம பாடுறப்ப மாதா தூக்கிவிட்டுருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். வருசா வருசம் அதுக்கு ஒரு மெழுகுதிரி வச்சிட்டு வாரேன்."

நான் தரையைப் பார்த்தேன். "அது மாதா இல்லைங்கய்யா. பாட்டரி."

நடந்ததைச் சொல்லி முடித்தபோது அவர் கை நின்றிருந்தது. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்; திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் கொட்டகை இருந்த திசையைப் பார்த்தார். அங்கிருந்து ஒரு வாரமாகக் கேட்ட கத்தல் இப்போது கேட்கவில்லை.

"கேசட்டுல ஏறுன எடத்துக்கு உசுரோட ஏறப் பாத்தானா அவன்," என்றார். வலையை ஒதுக்கிவைத்துவிட்டு, "போயிச் சொல்லிரு. நான் சொன்னேன்னும் சொல்லு. நாலுன்னு சொல்லு. மூணரைன்னு கீணரைன்னு எறக்கிராத."

அன்று முழுவதும் செத்த பாட்டரி தேடி அலைந்தேன். கடியாரங்களிலிருந்தும் டார்ச்சுகளிலிருந்தும் உருவிச் சேர்த்தேன். நல்லதைக் கொடுத்துச் செத்ததை வாங்கும் என்னை ஊர் இரக்கத்தோடு பார்த்தது.

ஞாயிறு பூசை முடிந்து கோயில் பக்கத்துக் கூடத்தில் எல்லோரும் உட்கார்ந்ததும் கேசட்டின் கடைசிப் பகுதியைப் போட்டேன். பாட்டைக் கேட்காதீர்கள், மணியைக் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள். பிறகு கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையைக் கோபுரத்து மணியை அடிக்கச் சொன்னேன். நேரங்கெட்ட நேரத்தில் மணி கேட்டு, சாவு விழுந்ததோ என்று நாலைந்து பெண்கள் ஓடிவந்தார்கள். கேசட்டில் கிணுகிணுத்த மணி நேரில் கனத்து ஒலித்தது. டீக்கடைக்காரர், நம்ம மணி எப்ப அப்படி அடிச்சிச்சு என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

செத்த பாட்டரிகளைப் போட்டு மறுபடி ஓடவிட்டேன். குரல் ஆடி ஆடி இறங்கியது. கனத்தது. இரண்டு வரிகளுக்கு நடுவே, இதுவரை எங்களுக்குக் கேட்டிராத ஒரு பெருமூச்சு கேட்டது. முன்வரிசையில் கப்பல்காரர் கண்ணை மூடியிருந்தார்.

"இதுதான்யா அவரு குரலு," என்றார் டீக்கடைக்காரர்.

பாட்டரி பரோட்டாக் கதையையும் சொன்னேன். சிரித்தார்கள், சிலர் சிரிக்கவில்லை. ஆர்மோனியக்காரர் யாரையும் கேட்காமல் பெட்டியை நாலில் வைத்தார். கணக்கர் பாடினார், குறை சொல்ல ஒன்றும் இல்லை, அழ ஒன்றும் இல்லை. மாப்பிள்ளைக்கு ஒரு நாள் ஓய்வில் பாதிக் குரல்தான் திரும்பியிருந்தது. அந்தப் பாதியால் பாடினார். கை தூக்கச் சொன்னபோது இரண்டே கை வித்தியாசத்தில் வேடம் அவருக்குக் கிடைத்தது.

மறுநாள் டீக்கடையில், நாலில் பாடுவதுதான் கஷ்டம், ஐந்தரையில் ஐஸ் கம்பெனியே பாடும் என்று ஒரு குரல் விளக்கிக்கொண்டிருந்தது. டீக்கடைக்காரர்தான். கட்சி மாறியதற்கு முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

திருவிழாவில் மாப்பிள்ளை பாடினார். புலம்பலின் மூன்றாம் அடியில் குரல் உடைந்தது. அது அழுகையா, தொண்டை மக்கரா என்று இன்றுவரை வாதம் நடக்கிறது. ஆதாரம் இல்லை. என்னைப் பதிவு செய்யவிடக் கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டிருந்தது. விடிந்ததும் கப்பல்காரர் மருமகனிடம், அரைக் கட்டை இறங்கிட்ட என்றார். பிறகு தன் துண்டை எடுத்து அவர் கழுத்தில் சுற்றிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். மண்டபம் ஊரிலிருந்து ஒருவர் எஞ்சின் பாகம் ஒன்றைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். எஞ்சின் பார்க்கிற மாப்பிள்ளை வீடு எங்கே என்று விசாரித்தார். டீக்கடைக்காரர் டீயை ஆற்றியபடியே அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாப்பிள்ளைன்னு இங்கன தெருவுக்குப் பத்துப் பேரு இருக்காக. நீ சின்னக் கப்பல்காரரக் கேக்குறியா?"

வந்தவர் விழித்தார். எஞ்சின் பார்ப்பவர் என்றார் மறுபடி.

"அவருதான்யா. அந்தா, பாட்டரி சார் அந்தப் பக்கந்தான் போவாரு. கூடப் போ."

என் டீ பாதிதான் ஆகியிருந்தது. வைத்துவிட்டு எழுந்தேன்.