கடல் தெரியாத இடத்தில் கவாத்து

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் எங்கள் வீடு தேடி வந்திருக்கும் உற்றார் உறவினருக்கும், குப்பத்துப் பெரியவர்களுக்கும், அண்ணனோடு பட்டாளத்தில் இருந்த நண்பர்களுக்கும் அம்மாவின் சார்பில் என் வணக்கம். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் எழுதப் படிக்கக் கற்றவள் நான் ஒருத்திதான். அதற்குக் காரணமானவரைப் பற்றியே இந்த நினைவு மடலில் முதன்முதலாக அச்சில் எழுத நேர்ந்திருக்கிறது.

அண்ணன் திருவொற்றியூர்க் கடற்கரைக் குப்பத்தில் அம்மாவுக்குத் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கு மீசை அரும்பும் முன்பே, ஓர் ஐப்பசி மாதத்தில் கடலுக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. மறு வாரமே அண்ணன் அம்மாவின் தம்பியான எங்கள் மாமாவோடு கட்டுமரம் ஏறினார். அதிர்ந்து பேச மாட்டார். கிடைத்த மீனில் நல்லதை விற்பனைக்கு ஒதுக்கிவிட்டு, நசுங்கியதைத் தம் தட்டில் போட்டுக்கொள்வார். மரத்தில் முழங்காலிட்டுத் துடுப்புப் போட்டதில் இரண்டு முழங்கால்களும் காய்த்துப் போயிருந்தன.

நான் எட்டாவது படித்த வருடம் மீன்பாடு மிகவும் குறைந்தது. பரீட்சை முடிந்ததும் நான் தலையில் கூடை ஏற்றித் தன்னோடு மீன் விற்க வரவேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. குப்பத்தில் என் வயதுப் பெண்கள் எல்லாரும் அதைத்தான் செய்தார்கள்.  சில நாள் கழித்து, ராயபுரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றும் தாம் போகப் போவதாகவும் அண்ணன் சொன்னார். மாதம் பிறந்தால் சம்பளம் வீட்டுக்கு வரும், பாப்பா பத்தாவது முடிக்கட்டும் என்றார். கடலுக்கு ஒருவரைக் கொடுத்தது போதாதா என்று அம்மா அழுதார். மாமா அழவில்லை, சிரித்தார்.

"மரத்துல போறவனுக்கு பூட்ஸு இன்னாத்துக்குடா? மீனுங்கோ பார்த்துச்சின்னா சிரிக்கும்" என்றார்.

உடம்புப் பரிசோதனையை நினைத்துத்தான் முதலில் பயந்தோம். மணலில் நடப்பவன் பாதம் தட்டையாகிவிடும், தட்டைப் பாதம் உள்ளவனைப் பட்டாளத்தில் கழித்துவிடுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அதிலிருந்து அண்ணன் கரை ஏறும்போதெல்லாம் ஈர மணலில் பதிந்த அவர் காலடியைக் குனிந்து பார்ப்பதே எனக்கு வேலையாயிற்று. நடுவில் மணல் அமுங்காமல் மேடாகத் தெரிந்தால் நிம்மதி. அலை வந்து அழித்துவிட்டால் மறுபடி நடக்கச் சொல்வேன். ஆள் எடுக்கும் நாளன்று எடை போதாதோ என்ற கவலையில் வயிறு முட்ட வாழைப்பழம் தின்றுவிட்டுப் போனார். கால், மார்பு, கண் எல்லாம் தேறின. குறித்த நாளில் மலை மேல் இருக்கும் பயிற்சி முகாமுக்கு ரயிலேற வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். அங்கே முதல் சில வாரங்களில் தேறாதவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். அண்ணன் தேறினால் எனக்குப் பள்ளிக்கூடம். திரும்பி வந்தால் எனக்குக் கூடை, அவருக்கு மறுபடி கட்டுமரம். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் இதைப் பேசவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

மூர் மார்க்கெட்டில் பழைய பூட்ஸ் ஒன்று வாங்கி வந்தார். வெறுங்காலில் மணலை அகல மிதித்துப் பழகிய விரல்கள் அதற்குள் அடங்கவில்லை. தீப்பெட்டிக் கம்பெனி வரை எண்ணூர் ரோட்டில் அதைப் போட்டுக்கொண்டு ஓடுவார். திரும்பி வந்து கழற்றும்போது குதிகால் தோல் அதோடு வரும். உப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு பல்லைக் கடிப்பார். மனத்தையும் பழக்கினார். யார் திட்டினாலும் எதிர்த்துப் பேசக் கூடாது என்று மாமாவின் கேலியை எல்லாம் கேட்டுக்கொண்டு நிமிர்ந்து நிற்பார். மாமாவுக்கு அது இன்னும் வேடிக்கையாகப் போயிற்று.

கவாத்து மட்டும் என் பொறுப்பு. எங்கள் பள்ளியில் டிரில் வகுப்பு உண்டு. லெப்ட் டர்ன், ரைட் டர்ன், மார்க் டைம் எல்லாம் எனக்குத் தெரியும். விடியற்காலையில் கரையில் நின்று நான் கூவ, அண்ணன் கடலைப் பார்த்து நின்று திரும்புவார். இரண்டே நாளில் பிடித்துக்கொண்டார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் கரையில் வலை காயப்போட்டிருந்ததால் இடமில்லாமல், ரோட்டோரம் ஊரைப் பார்த்து நிற்கச் சொல்லி "லெப்ட் டர்ன்" என்றேன். அண்ணன் வலது பக்கம் திரும்பினார். மறுபடி ஊரைப் பார்த்து நிற்க வைத்துச் சொன்னேன். மறுபடியும் அப்படியே. 

கடலுக்குப் போகிறவர்களுக்கு இடம், வலம் என்ற பேச்சு குறைவு. வாடைப் பக்கம் இழு, அதாவது வடக்கே இழு என்பார்கள். கரைப் பக்கம் தள்ளு என்பார்கள். மரம் எந்தப் பக்கம் சுழன்றாலும் வாடை வாடைதான். கடலைப் பார்த்து நின்றால் இடது கை வாடைப் பக்கம். அண்ணன் லெப்ட் என்றால் வாடை என்று மனத்தில் போட்டு வைத்துக்கொண்டார். சோற்றுக் கை எது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. யோசித்தால் சரியாகச் சொல்வார். சத்தம் காதில் விழுந்த கணத்தில் உடம்பு வடக்கே திரும்பிவிடும். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

தலையில் துண்டைப் போட்டுக் கண்ணைக் கட்டி, தோளைப் பிடித்துச் சுற்றிவிட்டுப் பிறகு கூவினேன். அப்போதும் அவர் வாடைக்கே திரும்பினார். எப்படி என்று கேட்டேன்.

"காத்து கன்னத்துல படுதில்ல. அதுவே சொல்லிடுது பாப்பா" என்றார், குற்றம் செய்தவர் போல.

காற்று புகாத இடம் குப்பத்தில் ஒன்றுதான் உண்டு. மாமாவின் கருவாட்டுக் கொட்டகை. ஒருவர் மேல் ஒருவராகச் சாய்ந்து நின்று எங்கள் கூத்தைப் பார்த்துச் சிரிக்கும் கூட்டத்தில் மாமாவும் இருந்தார். நான் சாவி கேட்கவில்லை. மறுநாள் மாமாவே கொட்டகைச் சாவியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, உள்ளே இருந்த கூடைகளை ஓரமாக ஒதுக்கிவைத்துவிட்டுப் போய்விட்டார். அந்த நாற்றத்தில் நின்று அண்ணன் திரும்பக் கற்றார். வாசலில் உட்கார்ந்து அம்மா பார்த்துக்கொண்டிருப்பார். தப்பாகத் திரும்பினால் அம்மா மூச்சை இழுப்பது எனக்குக் கேட்கும். சரியாகத் திரும்பினாலும் அவருக்குச் சந்தோஷம் இல்லை. தேறாமல் வந்துவிடுவானோ என்றும் தேறிப் போய்விடுவானோ என்றும் ஒரே மனத்தில் பயந்துகொண்டிருந்தார்.

இதற்கிடையில் பட்டாளத்திலிருந்து விடுப்பில் வந்த ஒருவர், இப்போதெல்லாம் கட்டளை இந்தியில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு இந்தி தெரியாது. பாடுபட்டதெல்லாம் வீண் என்று அழுதேன். அண்ணன்தான் என்னைத் தேற்றினார்.

"அவன் இன்னா பாஷைல சொன்னா இன்னா? பக்கம் ரெண்டுதானே கீது" என்றார்.

ஆனால் கிளம்புவதற்கு முந்திய நாளும் கொட்டகையில் அவர் தவறினார். அந்தத் தவறோடுதான் போனார்.

வாசலில் அம்மா அவர் வலது மணிக்கட்டில் அம்மன் கோயில் மஞ்சள் கயிற்றைக் கட்டினார். போகாதே என்று இத்தனை நாள் சொன்னவர், அப்போது சொன்னது இது: "இது கட்டிகீற கை சோத்தாங்கை. கொயம்பினா தொட்டுப் பாரு, நைனா."

அதன் பிறகு வந்த வாரங்களைப் பற்றி அதிகம் எழுதத் தோன்றவில்லை. தெருவில் யாராவது மூட்டையோடு நடந்து வந்தால் அம்மா எழுந்து நிற்பார். நான் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் இதுதான் கடைசி நாளோ என்று நினைத்துக்கொண்டு போவேன். தபால்காரர் எங்கள் வரிசைக்குள் நுழைந்தாலே வாசலுக்கு ஓடுவேன். ஒரு நாள் கார்டு வந்தது. உடன் இருந்த நண்பர் ஒருவரைக் கொண்டு எழுதியிருந்தார். தேறிவிட்டாராம். குளிர் அதிகமாம். காலுக்குப் பொருந்துகிற பூட்ஸ் கொடுத்திருக்கிறார்களாம். நான் படித்துக் காட்டியதும் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மீன் விற்கப் போனார். என்னைக் கூப்பிடவில்லை.

அண்ணன் அனுப்பிய பணத்தில் நான் பத்தாவது முடித்தேன். ஆசிரியைப் பயிற்சி முடித்து இன்று பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தருகிறேன். அண்ணன் பதவி உயர்ந்து லான்ஸ் நாயக் ஆனார். புதிதாக வரும் பிள்ளைகளுக்குக் கவாத்துச் சொல்லிக் கொடுக்கும் வேலையும் சில காலம் பார்த்தார். இதைக் கேட்ட மாமா சிரித்ததில் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

போன வருடம் மஞ்சள் காமாலை முற்றிய நிலையில் நீண்ட விடுப்பில் ஊருக்கு அனுப்பப்பட்டார். நகரத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நாலு பக்கமும் சுவர், கடல் சத்தம் எட்டாத வார்டு. ஒரு பிற்பகல் தெளிவாகப் பேசினார். முகாமில் முதல் வாரங்களில் பிழைத்தது எப்படி என்று அன்றுதான் சொன்னார். மைதானத்தில் இறங்கியதும் சூரியனைப் பார்த்து, கடல் எந்தத் திக்கில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்வாராம். பிறகுதான் அம்மா கட்டிய கயிற்றைத் தொடுவாராம். கடைசி வரை ஒரு நாளும் அந்தப் பழக்கத்தை விட்டதில்லையாம்.

"இங்க வந்து படுத்ததுலேர்ந்து ஒண்ணும் புரியல. கடலு எந்தப் பக்கம் பாப்பா?" என்றார்.

"உன் சோத்தாங்கைப் பக்கம்ணா" என்றேன்.

வலது பக்கம் திரும்பிப் படுத்தார். இரண்டு நாள் கழித்து அப்படியே போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் அவரைத் தம் பிள்ளை போலப் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாவுக்கும், தொலைதூரத்திலிருந்து வந்து தோள் கொடுத்த பட்டாளத்து நண்பர்களுக்கும், அன்று ஒரு கட்டுமரத்தையும் கடலில் இறக்காமல் எங்களோடு இருந்த குப்பத்தாருக்கும், கேட்காமலே சாவி கொடுத்த எங்கள் மாமாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இன்று பூமாலை போட்டிருக்கும் அண்ணனின் படத்தை எங்கே மாட்டுவது என்று அம்மாவிடம் கேட்டோம். மேற்குச் சுவரைக் காட்டினார். வாசல் திறந்திருந்தால் படம் நேரே கடலைப் பார்க்கும். அங்கிருந்து அவருக்குத் திசை தவறாது.