சாக்கு கட்டிய பம்பர்

நானுஓயா ரயில் ஸ்டேஷனில் வாடகைக் கார் ஓட்டிய அவர் ஒல்லியானவர். கோட்டுக் காலர் காதுவரை ஏறியிருக்கும். காரின் முன்பம்பரைக் தேயிலைக் கொழுந்துச் சாக்கால் சுற்றிக் கட்டியிருந்தார். வண்டியை எடுக்குமுன் அதில் தன் முழங்காலை ஒருமுறை இடித்துப் பார்ப்பார்.

பளபளக்கும் பம்பரை இப்படி மூடுவானேன் என்று, பெட்டியோடு காத்திருந்த நான் எரிச்சலோடு கேட்டேன்.

“பனியில கொழுந்துக் கூடையோட வந்த ஒரு அம்மாவ இடிச்சிட்டேங்க. நடக்குற வேகந்தான். பம்பர்ல ஒரு கீறல் இல்ல. அவங்க முட்டி ஒடஞ்சிருச்சு.”

“சாக்கு கட்டினா அடிபடாதா?”

“அதத்தான் தெனமும் பாக்குறேன். இன்னும் வலிக்குதுங்க.”

அடுத்த மாதம் போனபோது இன்னொரு சாக்கும் ஏறியிருந்தது. லேசாக நொண்டியபடி வந்து என் பெட்டியை வாங்கிக்கொண்டார்.