எங்க வீட்டுக் குவைத் ரூம்

லப்பைக்குடிக்காட்டுல எங்க வீட்டு அரிசி மூட்டை போடுற ரூமுக்குக் குவைத் ரூம்னு பேரு. இன்னைக்கும் அப்படித்தான். அத்தா மட்டும் அரிசி ரூம்னு சொல்வாங்க.

அத்தா குவைத்துல ஒரு அரபி வீட்டுக்கு டிரைவர். நான் ஆறாவது படிக்கிறப்ப, பக்கத்து இராக்குல சண்டை வரப் போகுதுன்னு டிவியில ஓயாம சொன்னாங்க. அத்தா போன் பண்ணாங்க. விஷவாயுக் குண்டு விழுந்தாலும் விழுமாம். அங்க வீட்டுக்கு வீடு ஒரு ரூமை ஜன்னல், கதவு இடுக்கெல்லாம் பிளாஸ்டிக் வச்சு டேப் ஒட்டி அடைக்கணுமாம். சைரன் அடிச்சா உள்ள போயி உக்காரணுமாம். "நானே ஒட்டிட்டேன், கவலப்படாத"ன்னாங்க.

அம்மாவுக்குக் குண்டு பயம் போயி வேற பயம் வந்துடுச்சு. அடைச்ச ரூம்ல மூச்சு எப்படி விடுறது? யாரைக் கேட்டாலும் "அல்லாஹ் காப்பாத்துவான்"னாங்களே தவிர, விவரம் யாரும் சொல்லல. எங்கம்மாவுக்கு எதையும் செஞ்சு பார்த்தாத்தான் நம்பிக்கை.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் அரிசி ரூம் ஜன்னல்ல உரச்சாக்கை விரிச்சு, இடுக்குல மைதாப் பசை தடவிப் பேப்பர் ஒட்டி, கதவுக்கடியில ஈரத்துண்டைச் செருகி, என்னையும் தம்பியையும் கூட்டிக்கிட்டு உள்ள உக்காந்துட்டாங்க. மடியில டைம்பீஸ். மார்ச் மாச வெயில், தளத்துலேர்ந்து அனல் இறங்குது. எனக்கு எரிச்சலான எரிச்சல். எங்க ஊருக்கு மேல பிளேன் பறந்தாலே அதிசயம், நமக்கு எதுக்கு இந்தக் கூத்து? அரைமணி நேரத்துல தம்பி வாந்தி எடுத்தான். அம்மா மணியைப் பார்த்துட்டுக் கதவைத் திறந்தாங்க.

அடுத்த போன்ல அத்தாவுக்கு உத்தரவு போச்சு. "அரைமணி தாங்கும்ங்க. அதுக்கு மேல கதவை ஒரு விரக்கடை திறந்து விட்டுருங்க. வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு உள்ள போகாதீங்க." அத்தா எல்லாத்துக்கும் சரி சரின்னாங்க.

சண்டை வந்துச்சு. குவைத்துல சைரன்னு டிவியில சொன்னா அம்மா டைம்பீஸை எடுத்துக்கிட்டு உக்காந்துருவாங்க. முள்ளு அரைமணியைத் தாண்டுற வரைக்கும் வீட்டுல யாரும் வாய் திறக்கக் கூடாது. அரைமணி ஆனதும், "இந்நேரம் திறந்திருப்பாங்க"ன்னு எந்திரிச்சுப் போயி உலை வைப்பாங்க.

மறுவருஷம் அத்தா லீவுல வந்தாங்க. கொண்டு வந்த அட்டைப்பெட்டியைச் சுத்தி அகலமா ஒரு டேப். அம்மாவோட கத்திக்கு மசியல.

"இது என்னங்க, இப்படிப் புடிச்சிருக்கு?"

"அந்த ரூமுக்கு ஒட்டுனதுல மிச்சம்."

"உள்ள இருந்தப்ப காத்து பத்துச்சா?"

அத்தா பெட்டியையே பார்த்துக்கிட்டுச் சொன்னாங்க. "ரூமு அந்த வூட்டு ஆளுங்களுக்கு, புள்ள. நான் வாசல்ல வண்டியிலதான் இருந்தேன்."

அம்மா கத்தியைக் கீழ வச்சாங்க.

"ஒவ்வொரு தடவையும் அரைமணி ஆயிடுச்சுன்னு நான் எந்திரிச்சு உலை வைக்கப் போனேனேங்க!"

பெட்டியை அன்னைக்கு யாரும் பிரிக்கல.