பதினாலாம் நம்பர் ரத்தம்

அவள்மேல் எனக்கு வயிற்றெரிச்சல். இதை நாசூக்காகச் சொல்ல எனக்கு வராது.

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் ஆய்வகம். மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களின் ரத்தத்தில் என்னென்ன மாறுகிறது என்று மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் பார்ப்போம். மூலக்கூறுகளை எடைபோட்டுப் பிரித்துக் காட்டும் இயந்திரம் அது. ஒரு சாம்பிளுக்கு நாற்பது நிமிடம். அந்த முறையைச் சரிப்படுத்த எனக்கு மூன்று வருடம் ஆனது. எடப்பாடியிலிருந்து வந்த இந்தப் பெண் ஆறே மாதத்தில் அதைப் பன்னிரண்டு நிமிடமாக்கிவிட்டாள். ஒவ்வொரு மூலக்கூறுக்கும் திரையில் ஒரு முகடு எழும், பீக் என்போம்; என் கண்ணில் படாத சின்னச் சின்ன பீக்குகள்கூட அவளுக்குத் தெரிந்தன. ஆய்வகத் தலைவர் சார் அவளை வாய் நிறையப் பாராட்டினார். அன்று கேன்டீனில் எனக்குத் தோசை இறங்கவில்லை.

"இவ்வளவு வேகமா ஓட்டினா மெஷினுக்குள்ள ரத்தம் ஏத்துற ஊசி சரியாக் கழுவாது. முந்தின ஆளோட ரத்தம் அடுத்த சாம்பிள்ல ஒட்டும்" என்று எல்லோர் முன்பும் சொல்லிவைத்தேன். ஆதாரம் எதுவும் கிடையாது. எரிச்சலில் சொன்னதுதான்.

ஒரு மாலை அவளே வந்து நின்றாள். முகம் செத்துப்போயிருந்தது.

"நீங்க சொன்னது நெசந்தானுங்க அக்கா. பதினாலாம் நம்பர்ல மாத்திரை தெரியுதுங்க. அது நல்லா இருக்கறவங்க குடுத்த ரத்தமுங்க, அதுல எப்படிங்க வரும்? என்ற முறைதான் தப்பு. நாளைக்கு சார்கிட்டச் சொல்லிப்போட்டு பழைய முறைக்கே போயிர்றேனுங்க."

உள்ளுக்குள் எனக்கு இனித்தது. பொய் சொல்ல மாட்டேன். அடுத்த நொடிதான் அந்த எண் உறைத்தது.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, நோயில்லாதவர்கள் என்று ஆய்வகத்தில் எல்லோரும் ரத்தம் கொடுத்திருந்தோம். குழாயில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்; அவரவர் எண் அவரவருக்குத்தான் தெரியும். நான் மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஒரு வருடமாக, ஆஞ்சநேயர் கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு நாமக்கல் போய் ஒரு மனநல டாக்டரைப் பார்த்து வருகிறேன். நான் சாப்பிடுவது அரை மாத்திரை. என் பழைய முறையில் அது பக்கத்து பீக்கில் மறைந்துவிடும். அந்தத் தைரியத்தில்தான் கையை நீட்டினேன்.

இப்போது நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். என் முறை திரும்ப வரும், ரகசியமும் தங்கும், இவளும் அடங்குவாள். அவள் நோட்டை மூடிக்கொண்டு திரும்பினாள்.

"நில்லு கண்ணு" என்றேன். "ஊசி நல்லாத்தான் கழுவுது. பதினாலு நான்."

அவள் நோட்டைக் கீழே வைத்தாள். ஸ்டூலை இழுத்துப்போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அந்த நல்ல குணத்தைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.