ஐம்பத்தொரு தோப்புக்கரணம்

மூன்றாம் வகுப்பில் எனக்கு டைபாய்டு வந்து பல நாள் படுத்துக்கிடந்தேன். குணமானால் மலைக்கோட்டை அடிவாரத்துப் பிள்ளையாருக்கு ஐம்பத்தொரு தோப்புக்கரணம் போடுவதாகச் சித்தி வேண்டிக்கொண்டாள். அவளுக்கு முட்டிச்சில்லில் கோளாறு. பெரியகடை வீதி ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றபடி சேலை எடுத்துப் போடுகிற வேலை. பதற்றத்தில் வாயில் வந்த எண் அது. பிறகு குறைத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

உடம்பு தேறியதும் ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் ஏறிப் போனோம். எண்ணுவது என் பொறுப்பு. சித்தி காதைப் பிடித்துக்கொண்டு, முழங்காலைக் கொஞ்சமே மடக்கி மடக்கி எழுந்தாள். பதினைந்து வரை பொறுத்தேன்.

“சித்தி, இது செல்லாது. நீ பாதிகூட உட்காரல.”

“அவருக்கே அவ்ளோ பெரிய தொப்பை. அவரு முழுசா உட்கார்ந்து எழுந்திருப்பாரா? ஒத்துக்குவாருடி, நீ எண்ணு.”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அரைகுறையாகச் செய்தால் காய்ச்சல் திரும்பிவிடும் என்று நான் நம்பினேன்.

“மறுபடி ஜுரம் வந்துட்டா?” என்று கேட்கும்போதே அழுகை வந்துவிட்டது.

சித்தி மறுபடி காதைப் பிடித்துக்கொண்டாள். “சரி, ஒண்ணுலேருந்து ஆரம்பி” என்றாள்.

இந்த முறை தொடை கெண்டைக்காலில் படும்வரை உட்கார்ந்தாள். முப்பதைத் தாண்டியபின் முட்டி நெறிபடும் சத்தம் எனக்கே கேட்டது. நான் குரலை உயர்த்தி எண்ணினேன்.

இத்தனை வருஷம் கழித்து இப்போது எனக்கும் அதே முட்டிக் கோளாறு. தில்லை நகரில் பயிற்சி சொல்லித்தரும் பெண், “ஆழமா போகப் போக சில்லு மேல பாரம் ஏறும்மா. வலி ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்திக்கங்க, அதான் உங்க அளவு” என்கிறாள். பத்து முறை மடக்குவதற்குள் அலுத்துப்போகிறது. யாரும் சொல்லித்தராமலே சித்தி தன் அளவைத் தெரிந்துவைத்திருந்தாள். அதைத்தான் நான் செல்லாது என்றேன்.

அன்று வீடு திரும்பும்போது சித்தி பஸ் படியில் பக்கவாட்டில் திரும்பி, கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வீட்டில் அம்மா கேட்டதற்கு, “கோயில் படியில கால் இடறிடுச்சுக்கா” என்றாள். சாமி கும்பிட்டுவிட்டு வந்து எதற்குப் பொய் சொல்கிறாள் என்று எனக்குக் கோபம்.

மறுநாள் சுவரைப் பிடித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினாள். எனக்குக் காய்ச்சல் திரும்பவில்லை. நான் கண்டிப்பாக எண்ணியதால்தான் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.